பழைய சேலையை மாற்றித் தைத்து விற்கிறேன். கடை வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். வயது 38. மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஏழு வருடமாக சேல்ஸ் வேலை பார்க்கிறேன். சம்பளம் 11,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. காலை பத்து மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 20,000 வரை வரும், ஆனால் நிலையில்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

வீட்டில் இருக்கும் பழைய மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டி, ஒரு வருடமாகப் பழைய சேலைகளைக் குர்தி, மேக்ஸி, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை என்று மாற்றித் தைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்கிறேன். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் வியாபாரியிடம் சேலை 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போன மாதம் 25 சேலை எடுத்தேன். 14 உருப்படி விற்று 9,800 ரூபாய் வந்தது. அந்த 14 சேலைக்கு 1,680, லைனிங், நூல், ஜிப்புக்கு 1,420 போக 6,700 லாபம். ஐந்து சேலை இற்றுப்போய்த் தேறவில்லை. ஆறு பாக்கி இருக்கிறது. ஒன்றைத் தைக்க இரண்டரை மணி நேரம் ஆகும்.

நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு, 3 பவுன் சங்கிலியை அடகுக் கடையில் ஒன்றரை வட்டிக்கு வைத்து 1,50,000 வாங்கினால் பவர் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், கடை அட்வான்ஸ், மொத்தமாக 200 சேலை எல்லாம் முடிந்துவிடும். கடை வாடகை 6,000. கணவர் சங்கிலியைத் தொடக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணக்கில் ஒரு நல்ல விஷயம், தேறாத சேலையையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பலர் எழுத மாட்டார்கள். ஆனால் எழுதிவிட்டு, அதைச் செலவில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். ஐந்து சேலைக்குக் கொடுத்த 600 ரூபாய் போனது போனதுதான். ஆக, 6,700 இல்லை, 6,100. பாத்திரக்காரரிடம் போய்வந்த பஸ் காசு, சோப்பு, ஊசி, பேக்கிங் கவர், இஸ்திரிக்கு ஆகும் கரண்ட், இதற்கெல்லாம் ஒரு 700 ரூபாய் வையுங்கள். மெஷின் இழுக்கும் கரண்ட் பெரிதில்லை. 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிதான் மணிக்கு ஒரு யூனிட் சாப்பிடும். மீதி 5,400 ரூபாய். ஒரு உருப்படிக்கு 386 ரூபாய்.

அடுத்தது நேரம். இரண்டரை மணி நேரம் என்பது மெஷின் முன்னால் உட்காரும் நேரம் மட்டும். சேலையைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது, அலசிக் காயப்போட்டுத் தேய்ப்பது, ஃபால்ஸையும் பழைய தையலையும் பிரிப்பது, இற்ற இடம் வராமல் பார்டரைப் பொருத்தி வெட்டுவது, போட்டோ எடுப்பது, 'அக்கா, இது எக்ஸ்எல் சைஸுக்கு வருமா' என்று கேட்பவருக்கெல்லாம் பதில் போடுவது, தைத்ததை மறுபடி பிடித்துக் கொடுப்பது. எல்லாம் சேர்த்தால் ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என்று நான் வைப்பேன். புதுத் துணியில் இதில் பாதி வேலை கிடையாது. பழைய துணியில் சரக்கு மலிவு, உழைப்பு அதிகம். உங்கள் கணக்கு நோட்டில் சரக்கு மட்டும்தான் இருக்கிறது.

14 உருப்படிக்கு 84 மணி நேரம். 5,400-ஐ 84-ஆல் வகுத்தால் மணிக்கு 64 ரூபாய். ஜவுளிக்கடையில் சாப்பாட்டு நேரம் போக நாளைக்குப் பத்தரை மணி நேரம், 26 நாள், 273 மணி நேரம். அங்கே மணிக்கு 40 ரூபாய்தான். உங்கள் தையல் உங்கள் வேலையைவிடக் கூடுதலாகவே சம்பாதித்துக் கொடுக்கிறது. அதில் சந்தேகம் வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் விடக் கூடாது? நீங்கள் சொல்லும் திட்டப்படியே போட்டுப் பார்ப்போம். வேலையை விட்டால் நாளைக்கு ஏழு மணி நேரம் தையலுக்குக் கிடைக்கும். சமையல், மகள் படிப்பு எல்லாம் இருக்கிறதே, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மாதம் 182 மணி நேரம், 30 உருப்படி. 30-ம் விற்றுவிட்டால் 11,600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். இதில் கடை வாடகை 6,000. ஒன்றரை லட்சத்துக்கு ஒன்றரை வட்டி மாதம் 2,250. மிஞ்சுவது 3,300 சொச்சம். அசல் அப்படியே நிற்கும், சங்கிலி அடகில் இருக்கும், கடைக்குத் தனியாகக் கரண்ட் பில் வரும். 11,000 சம்பளத்தை விட்டுவிட்டு 3,300-க்கு ராத்திரி பகலாக மெஷின் மிதிப்பீர்கள். அதுவும் 14 விற்ற இடத்தில் 30 விற்றால். ஸ்டேட்டஸ் பார்ப்பவர்கள் அதே ஆட்கள்தானே? நீங்கள் வேலையை விட்டதற்காக அவர்கள் இரண்டு குர்தி கூடுதலாக எடுக்க மாட்டார்கள்.

கடை வேண்டாம், அடகும் வேண்டாம். இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஒன்றரை வட்டி என்றால் சின்னதாகத்தான் காதில் விழும். வருடத்துக்கு 18 சதவீதம் அது.

200 சேலை வாங்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 24,000 ரூபாய். ஐந்துக்கு ஒன்று தேறாது என்பது உங்கள் சொந்தக் கணக்கு. நாற்பது சேலை போய்விடும். மீதி 160-ஐத் தைத்து முடிக்க, முழுநேரமாக உட்கார்ந்தாலும் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பணம் மூட்டைக்குள் தூங்கும்.

இதைவிட ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. நீங்கள் 700 ரூபாய்க்கு விற்கும் குர்திக்குப் போட்டி யார்? ஆடித் தள்ளுபடியில் உங்கள் கடையிலேயே மேஜையில் கொட்டி விற்கும் புதுக் குர்தி. அதை நாள் முழுக்க எடுத்துக் காட்டுகிறவரே நீங்கள்தான். அந்த விலையோடு மோதி ஜெயிக்க முடியாது. வெறும் ஆல்டரேஷனில் இறங்கினாலும் கஷ்டம்தான். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தலைமுறையாக மெஷின் போட்டு, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும் தையல்காரர்களின் வேகத்துக்கும் கூலிக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

போட்டியே இல்லாத ஒரு சரக்கு உண்டு. வாடிக்கையாளர் வீட்டு பீரோவில் இருக்கும் அவருடைய அம்மாவின் சேலை. கல்யாணப் பட்டு, சீமந்தத்துக்கு எடுத்த சேலை, ஆச்சி கட்டிய சுங்குடி. கட்டவும் மனசில்லை, பாத்திரக்காரரிடம் போடவும் மனசில்லை என்று வீட்டுக்கு வீடு நாலைந்து கிடக்கும். அதை மகளுக்குப் பாவாடை சட்டையாகவோ தனக்கு ஒரு குர்தியாகவோ தைத்துத் தருபவரிடம் யாரும் தள்ளுபடி கேட்பதில்லை. சரக்கு முதலீடு உங்களுக்கு இல்லை. பொறுக்க, அலச, போட்டோ போட நேரம் ஆகாது. இற்றுப்போன சேலையின் நஷ்டமும் உங்கள் தலையில் விழாது. லைனிங்கை அவர்களே எடுத்துத் தரட்டும். வேலை நான்கு மணி நேரத்தில் முடியும். கூலி 500 ரூபாய் என்று வைத்தாலே மணிக்கு 125 ஆகிறது. இப்போது செலவழிக்கும் அதே 84 மணி நேரத்தில் இப்படிப் பத்து ஆர்டர், மிச்ச நேரத்தில் உங்கள் பழைய பாணியில் ஏழு உருப்படி என்று பிரித்தால் 7,700 ரூபாய் வரும். ஒரு ரூபாய் கடன் இல்லாமல், 5,400 இருந்த இடத்தில்.

ஆனால் அடுத்தவர் வீட்டுச் சேலையில் கத்தரி வைப்பது லேசான காரியம் இல்லை. நிதி ஆலோசனை கேட்டால் துணியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் நஷ்டம் வரும் வழி இதுதான். சேலை வந்ததும் அவர்கள் எதிரிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். இரண்டு கட்டைவிரலாலும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். 'சர்' என்று சத்தம் கேட்டால் அந்தப் பாகத்தை வெட்டில் ஒதுக்கிவிட வேண்டியதுதான். தரையில் உரசிய அடிக்கரையும் நைந்திருக்கும். முந்தி பெரும்பாலும் நன்றாக இருக்கும். சுங்குடியோ வேறு சாயத்துணியோ என்றால் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். சாயம் இறங்கினால் வெளிர் நிற லைனிங் வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி, பருத்திக்கு 14. ஊசிக்குச் சிக்கனம் பார்த்து 500 ரூபாய் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்டுவதற்கு முன் சேலையை ஒரு போட்டோ, என்ன தைக்கப்போகிறோம் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி, பாதிப் பணம் அட்வான்ஸ். தெரிந்தவர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். தெரிந்தவரிடம்தான் பின்னால் பேச்சு வரும்.

சரி, மெஷின். உங்கள் ஆறு மணி நேரத்தில் மெஷினுக்குப் போவது இரண்டரைதான். பவர் மெஷின் நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். கார்மென்ட்ஸில் ஒரே பேன்டை ஆயிரம் முறை தைப்பவருக்கு அது லாபம். பழைய பட்டில் அந்த வேகத்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள். முதலில் ஓவர்லாக் வாங்குங்கள். பழைய துணி சீக்கிரம் பிசிறு விடும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். தையல் வருமானத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வந்தால் நாலைந்து மாதத்தில் கைக்காசிலேயே வாங்கிவிடலாம். பிறகு பவர் மெஷின் பக்கம் போகும்போது, செகண்ட் ஹேண்ட் என்றாலும் சர்வோ மோட்டாராகப் பாருங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டு கரண்டைத் தின்னும், சத்தமும் அதிகம்.

வேலையை இப்போதே விட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத பாகம். இ.எஸ்.ஐ. இருக்கும் வரை உங்கள் குடும்பத்துக்கும் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. லோடு ஆட்டோ ஓட்டுபவர் இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. பி.எஃப்.பில் பத்து வருட சர்வீஸ் முடிந்தால்தான் 58 வயதில் பென்ஷனுக்கு உரிமை வரும். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. இடையில் விட நேர்ந்தால் பென்ஷன் பணத்தை எடுத்துவிடாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள். வேறு எங்காவது சேர்ந்தால் பழைய சர்வீஸும் சேரும்.

என்றைக்கு விட்டாலும் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையைக் கேட்காமல் வராதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது சட்டப்படி வர வேண்டிய பணம். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 11,000-ம் அந்த இரண்டுக்குள் அடங்கினால் இன்றைய தேதிக்கே 44,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. சங்கிலியை யோசித்த நேரத்தில் இது உங்கள் நினைவுக்கு வரவில்லை பாருங்கள். அப்புறம் அந்தக் கால் வீக்கம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நாலு பேராகச் சேர்ந்து மேனேஜரிடம் கேளுங்கள். கூடவே, வீக்கத்துக்கு டாக்டரையும் ஒருமுறை பாருங்கள். இ.எஸ்.ஐ. கார்டு கையில் இருக்கிறதே.

கடன் இல்லாமல் முடியவே முடியாது என்ற கட்டம் வந்தால், அடகுக் கடைக்கு முன்னால் வங்கிக்குப் போங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தருகிறார்கள். 35 வயது தாண்டியவர்களுக்கான தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் உண்டு. கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மனு வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். அதற்கு ஏஜென்டிடம் பணம் தர வேண்டாம். ஜி.எஸ்.டி. பற்றி இப்போதைக்குக் கவலையே வேண்டாம். தையல் கூலி வருடத்துக்கு 20 லட்சத்தைத் தொடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை எப்போது விடலாம்? வீட்டிலிருந்தே, வாடகை இல்லாமல், கூலித் தையல் மட்டும் தொடர்ந்து ஆறு மாதம் மாதத்துக்கு 9,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். தீபாவளி மாதத்தையும் சித்திரைத் திருவிழா மாதத்தையும் அந்த ஆறில் சேர்க்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் மதுரையில் யார் மெஷின் போட்டாலும் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கடை எடுப்பதைப் பற்றி அப்போது பேசலாம்.