நாற்பது மின்னஞ்சல், ஒரு பதிலும் இல்லை!

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பழக ஆசை. நாற்பது பேராசிரியர்களுக்கு எழுதியும் ஒருவரும் பதில் போடவில்லையே, ஏன்?

பதில்: நாற்பது பேருக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பீர்கள். 'உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது' என்று எழுதினால் போதாது; எது கவர்ந்தது? ஆறேழு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் சுருக்கம், படங்கள், முடிவுரை ஆகியவற்றை மட்டும் படியுங்கள். இயற்பியல், கணிதக் கட்டுரைகள் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலும், உயிரியல், மருத்துவக் கட்டுரைகள் பப்மெட் சென்ட்ரல் (PubMed Central) தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடத்திலிருந்தே கேள்வி பிறக்கும்: 'மூன்றாம் படத்தில் 48 மணி நேரத்துக்குப் பிறகு பாக்டீரியா வளர்ச்சி நின்றுவிடுகிறதே, ஊட்டம் தீர்ந்ததாலா, கழிவு சேர்ந்ததாலா?' இந்த ஒரு வரி உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

பேராசிரியர் போடும் கணக்கு வேறு. புதிதாக வருபவருக்குக் கற்றுத்தர ஓர் ஆய்வு மாணவர் பல வாரம் செலவிட வேண்டும். இரண்டே வாரத்தில் நீங்கள் கிளம்பினால் அவர்களுக்கு நஷ்டம்தான். ஆகவே 'செவ்வாய், வியாழன் மாலை 3 மணி நேரம், குறைந்தது நான்கு மாதம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 150 சொற்களுக்குள் கடிதத்தை முடியுங்கள். பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே குழுவின் ஆய்வு மாணவருக்கு எழுதிப் பாருங்கள். உதவிக்கு ஆள் தேடுவது பெரும்பாலும் அவர்தான்.

கேள்வி: 18 வயது ஆகாததால் உள்ளே விட மறுக்கிறார்கள். வேறு வழி?

பதில்: அபாயகரமான ரசாயனம், கதிர்வீச்சு, நோய்க்கிருமி உள்ள இடங்களில் இந்தத் தடை நியாயமானதே. மற்ற இடங்களில் பெற்றோர் கையொப்பமும் பாதுகாப்புப் பயிற்சியும் போதுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் கணினி வேலை கேளுங்கள். நுண்ணோக்கிப் படங்களில் செல் எண்ணவும் அளக்கவும் இமேஜ்ஜே (ImageJ) என்ற இலவச மென்பொருள் உண்டு. அதோடு பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு அட்டவணையைப் படித்து வரைபடம் போடத் தெரிந்தால் வீட்டிலிருந்தே உதவலாம்.

கேள்வி: இடம் கிடைத்துவிட்டது. ஆரம்பத்தில் எதில் கோட்டை விடுவார்கள்?

பதில்: பிப்பெட்டில்தான், அதாவது சிறு அளவு திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் கருவியில்தான்! அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை அழுத்தி, நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் திரவத்தில் அமிழ்த்தி, மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போதுதான் இரண்டாம் நிறுத்தம். உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திவிட்டால் அளவு கூடிப்போகும். சட்டென்று விட்டால் காற்றுக்குமிழ் புகும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை தராசில் விட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 0.1 கிராம் அருகே நிற்க வேண்டும். எண்கள் முன்னும் பின்னுமாக ஆடினால் பெரும்பாலும் குறை உங்கள் கட்டைவிரலில்தான்.

அடுத்தது குறிப்பேடு. பேனாவால் எழுதுங்கள், தேதி போடுங்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடியுங்கள். மறைக்கும் வெள்ளை மை கூடவே கூடாது. ரசாயனப் புட்டி எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்ணையும் குறித்து வையுங்கள். சோதனை திடீரென்று சொதப்பும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

கேள்வி: கட்டுரையில் என் பெயர் வருமா?

பதில்: சோதனைக் குழாய் கழுவியதற்கு வராது, தரவைப் பகுத்து, எழுதுவதிலும் பங்கெடுத்தால் வரலாம். பணம் கட்டினால் பெயர் நிச்சயம் என்பவர்களிடம் போகாதீர்கள்.