விடைத்தாளின் ஓரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு எடுக்கிறேன். மனப்பாட விடையை விட்டு, ஒரு கருத்தைச் சொல்லி அதற்குச் சான்று காட்டிக் கட்டுரை எழுத இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். மொத்தம் 46 நோட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்தி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. திருப்பிக் கொடுத்தால் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். அடுத்த கட்டுரையிலும் அதே பிழை. சிவப்பு மை வேண்டாம், பச்சையில் எழுதுங்கள் என்கிறார் சக ஆசிரியை. குறிப்பை இன்னும் விரிவாக எழுத வேண்டுமா? பாராட்டில் தொடங்க வேண்டுமா? மார்க் போடாமல் விட்டால் பெற்றோர் கேட்பார்களே? ஒரு மாணவியின் கட்டுரையை என் திருத்தத்தோடு இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

மூன்று ஞாயிறு என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். துணி துவைக்க, தூங்க, அம்மாவைப் பார்த்துவிட்டு வர என்று இருக்கிற ஒரே நாள் அது. அதை இப்படிக் கொடுக்கிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது எரிச்சலும் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

மை எந்த நிறமானால் என்ன? பச்சையில் நாலு போட்டாலும் நாலுதான். பாராட்டில் தொடங்குவதும் அப்படித்தான். ‘நன்று, ஆனால்’ என்று எழுதிப் பாருங்கள், பிள்ளைகள் ‘ஆனால்’ என்ற சொல்லிலிருந்துதான் படிப்பார்கள்.

மார்க் விஷயம் கொஞ்சம் முக்கியம். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து 1988இல் எழுதினார். ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள் அடுத்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள். இரண்டும் வாங்கியவர்கள், மார்க் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். பக்கத்தில் மார்க் இருந்தால் குறிப்பு செல்லாக்காசு. மார்க்கை உங்கள் பதிவேட்டில் போட்டு வையுங்கள், ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்டால் அடுத்த வாரம் வரும் என்றால் போதும். ஒரு வாரத்தில் யாரும் பள்ளியை மாற்றிவிட மாட்டார்கள்.

பிள்ளைகள் மூடி வைத்துவிடுகிறார்கள் என்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை. திருத்திய தாளை நம் பிள்ளைகள் மிகக் கவனமாகப் படிப்பார்கள். கைக்கு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து கூட்டுவார்கள். ‘மிஸ், இதுக்கு மார்க் போட விட்டுட்டீங்க’ என்று ஒருவன் வருவான். பின்னாலேயே இன்னொருத்தி, பக்கத்துப் பிள்ளையின் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். ‘அவளுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க, நானும் அதேதான் எழுதியிருக்கேன், எனக்கு ஒண்ணு.’ கொஞ்சம் நின்று கேளுங்கள். ஒரு கருத்து, அதற்கு இரண்டு தாள்கள் சான்று, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவு. நீங்கள் ஆண்டு முழுக்கக் கற்றுத்தர முயல்வதை அந்தப் பிள்ளை மேசையருகில் நின்றபடி செய்துகாட்டிவிட்டாள். திருத்திய தாளை எதற்காகப் படிப்பது என்றால், விட்டுப்போன மார்க்கைப் பிடிக்க. அது ஒன்றைத்தான் நாம் பழக்கியிருக்கிறோம். பொதுத்தேர்வுக்குப் பின்னால்கூட விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். எழுதியதைத் திரும்ப எழுத மட்டும் எங்கேயும் இடம் வைக்கவில்லை.

சரி, இப்போது நீங்கள் அனுப்பிய கட்டுரை. 1806 வேலூர்ப் புரட்சி மதக் காரணத்தால் மட்டும் நடந்ததல்ல என்கிறாள் அந்தப் பெண். அடுத்த வரியில், தோல் வைத்த புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் மறுத்தார்கள் என்கிறாள். அதற்கடுத்து, கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது என்கிறாள். ‘ஆகவே இது அரசியல் புரட்சியும்கூட’ என்று முடித்துவிட்டாள். நீங்கள் ஓரத்தில் எழுதியிருப்பது ‘சான்று போதாது’.

அம்மா, சான்று போதும். போதாமல் இருப்பது வேறு. அந்தக் குறிப்பைப் படித்த பிள்ளை என்ன செய்யும்? புரட்சியை அடக்க பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்ததையும் சேர்த்து எழுதும். அடுத்த முறை ஐந்து சான்றுகள் இருக்கும், ஒன்றும் ஒன்றோடு பேசாது. நீங்கள் ‘அதே பிழை’ என்பீர்கள். அந்தப் பிழையை வளர்த்தது உங்கள் குறிப்பு.

மணிமேகலையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லித்தரும் 29ஆவது காதையை எடுத்துப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. சொல்லும் கருத்து பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம் என்று மூன்றுக்கும் பெயர் உண்டு. கல்லூரியில் இந்தக் காதையைப் பரீட்சைக்கு விட்டுவிட்டவன் நான், பிறகுதான் ருசி தெரிந்தது. புகையைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று அடிகள் நினைக்கவில்லை. புகைக்கும் நெருப்புக்கும் என்ன உறவு என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் தினமும் பார்க்கிற அடுக்களை. உங்கள் மாணவி மலையையும் காட்டிவிட்டாள், புகையையும் காட்டிவிட்டாள். அடுக்களை இல்லை. மதம் மட்டுமே காரணம் என்றால் தலைப்பாகையைக் கழற்றி எறிந்திருந்தால் போதுமே, கொடி எதற்கு? அந்த வரி அவளிடமிருந்து வர வேண்டும். தயவுசெய்து இதை நீங்கள் ஓரத்தில் எழுதித் தந்துவிடாதீர்கள்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு சிற்றிதழ் ஆசிரியர். எனக்கு 24 வயது. எங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்பால் செத்தது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போனேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் உட்கார்ந்து நில விவரம் உள்ள அ-பதிவேட்டைப் பார்த்துச் சர்வே எண்களைக் குறித்து வந்திருந்தேன், கரையோர வீடுகளை எண்ணியிருந்தேன். சான்றுக்குப் பஞ்சமே இல்லை. பத்து நாள் கழித்துத் தபாலில் திரும்பி வந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மூன்று இடங்களில் பென்சிலால் ஒரே சொல்: ‘அதனால்?’

கிழவருக்குத் திமிர் என்று இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். வீடுகள் இருந்தன, ஆனால் அத்தனையும் ஒரு மூலையில். மற்ற பரப்பெல்லாம் காலியாக, வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், வீடு கட்டியதால்தானே தண்ணீர் நிற்கவில்லை என்றேன். ‘வந்தாத்தானே தம்பி நிக்கறதுக்கு’ என்றார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே மேலே நடந்தேன். புதிதாகப் போட்ட சாலை அதை மறித்துக்கொண்டு கிடந்தது. அடியில் வைத்த குழாய் என் தொடையளவுகூட இல்லை, அதிலும் பாதி மண். ஏரி வற்றிய பிறகுதான் வீடுகள் வந்திருக்கின்றன. என் சான்றுகள் எல்லாம் உண்மை, கருத்துதான் தப்பு. முழுக்கத் திரும்ப எழுதினேன்.

ஆசிரியர் ‘உங்கள் முடிவு தவறு’ என்று எழுதியிருந்தால் நான் இன்னும் பத்து வீட்டை எண்ணிக்கொண்டு போயிருப்பேன். அவருக்கு ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பிறகு தெரிந்தது. என் வீடுகளுக்கும் என் முடிவுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே விரிவாக எழுதாதீர்கள். ஒரு நோட்டுக்கு ஒரு கேள்வி, இருக்கிற பள்ளத்தின் மேல். சான்றே இல்லாத இடத்தில் ‘எப்படித் தெரியும்?’, சான்று சும்மா நிற்கிற இடத்தில் ‘அதனால்?’ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் முடிந்துவிடும். மிச்சம் பிடித்த நேரத்தை வகுப்பில் செலவு செய்யுங்கள். நோட்டைக் கொடுத்த பீரியடில் புதுப் பாடம் ஆரம்பிக்கவே கூடாது. நாற்பது நிமிடமும் அந்த ஒரு பத்தியைத் திரும்ப எழுதட்டும். போர்ஷன் முடியாது என்பீர்கள். ஒரே பிழையை ஆண்டு முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தால் மட்டும் முடிந்துவிடுமா?

உங்கள் கடிதத்தில் வேறு ஏதோவும் கேட்டிருந்தீர்கள், ஏரிக்குப் போய் வந்ததில் மறந்துவிட்டது. அந்த வேலூர்க் கட்டுரையில் ‘சான்று போதாது’ என்பதை அடித்துவிட்டு அவளிடம் திரும்பக் கொடுங்கள். அடித்தது அவளுக்குத் தெரிகிற மாதிரி அடியுங்கள். அவள் திரும்ப எழுதியதை, பெயரை மறைத்து, எனக்கு அனுப்புங்கள். கொடியை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ம.