துணி, ஒயின் இரண்டையும் மற்ற நாட்டைவிட மலிவாகச் செய்யும் நாடு எதற்காக இறக்குமதி செய்ய வேண்டும்?

1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ தந்த கணக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஓர் அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், அதற்கு ஈடான ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. ஆக, இரண்டிலும் முழுச் சாதகம், அதாவது குறைந்த உழைப்பில் செய்யும் திறன், போர்ச்சுகலுக்கே.

பலர் தடுமாறுவது இங்கேதான்: 80-ஐ 120-உடன் ஒப்பிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரே நாட்டின் இரு எண்களைத்தான் வகுக்க வேண்டும். போர்ச்சுகலில் ஓர் அளவு ஒயினுக்காக விட்டுக்கொடுக்கும் துணி 80/90, அதாவது சுமார் 0.89. இங்கிலாந்தில் 120/100, அதாவது 1.2. இந்த வாய்ப்புச் செலவு எங்கே குறைவோ, அங்கேதான் ஒப்பீட்டுச் சாதகம். ஒயின் போர்ச்சுகலுக்கு, துணி இங்கிலாந்துக்கு.

ஒன்றுக்கு ஒன்று என மாற்றினால், 80 பேர் உழைத்த ஒயினைக் கொடுத்து, 90 பேர் நெய்ய வேண்டிய துணியைப் போர்ச்சுகல் வாங்குகிறது. 10 பேர் மிச்சம். இங்கிலாந்துக்கு 20 பேர் மிச்சம். ஓர் அளவு ஒயினுக்கு எவ்வளவு துணி என்ற மாற்று விகிதம் 0.89-க்கும் 1.2-க்கும் இடையில் இருக்கும்வரைதான் இருவருக்கும் லாபம். 1.3 ஆகிவிட்டால் இங்கிலாந்து தன் ஒயினைத் தானே தயாரித்துக்கொள்ளும். கப்பல் கூலியும் சுங்கமும் இந்த இடைவெளியைத்தான் தின்கின்றன.

ஆனால் இது நாட்டின் மொத்தக் கணக்கு மட்டுமே. வேலையிழந்த போர்ச்சுகல் நெசவாளர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. நடப்பில் தறியும் கைத்தொழிலும் அப்படி இடம் மாறுவதில்லை. மொத்த லாபத்தில் அவருக்குப் பங்கு தருவதா என்பதை அரசின் வரியும் உதவித்தொகையும்தான் தீர்மானிக்கின்றன.