நெய், தேங்காய் எண்ணெயை நிறுத்தினால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் குறையுமா?

குறையும். எவ்வளவு குறையும் என்பது அப்பா அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்ததைப் பொறுத்தது. கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டில் ஆளாளுக்கு உங்கள் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு நாகர்கோவில். அவியலோ ஏத்தங்காய் சிப்ஸோ, எல்லாம் தேங்காய் எண்ணெய்தான். நானும் அண்ணனும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்று வளர்ந்தோம். அவனுக்குத் தொப்பை, ஆனால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 110. நான் ஒல்லி, எனக்கு 240. "வாயைக் கட்டு" என்று சொந்தக்காரர்கள் சொல்வது மட்டும் என்னிடம். கட்டினேன். மாதக்கணக்கில் நெய் இல்லை, தேங்காய் எண்ணெய் இல்லை. 210-க்குக் கீழே இறங்கவே இல்லை.

அப்பாவுக்கு 44 வயதில் பைபாஸ் என்று சொன்னதும்தான் டாக்டருக்குப் பொறி தட்டியது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பிகளுக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் எனக்கு ஒன்று பழுது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, மிச்சமிருக்கும் ஏற்பிகளின் வேலையையும் மட்டுப்படுத்தும். அதனால் பத்தியமும் வேண்டும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் வேண்டும். (மாத்திரைக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் பள்ளிக்கூட வாத்தியார்.)

உடல் எடையிலும் இப்படி உண்டு. அபோஏ2 மரபணுவின் ஒரு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், நாளுக்கு 22 கிராமோ அதற்கு மேலோ நிறைவுற்ற கொழுப்பு சாப்பிட்டால் மற்றவர்களைவிடப் பருமனாக இருந்தார்கள் என்று 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த 22 கிராம் வந்துவிடும்.

"எங்க தாத்தா தேங்காய் எண்ணெயிலேயே 90 வயசு இருந்தார்" என்று எழுத வருகிறவர்களுக்கு: இருந்திருப்பார், அவர் ஏற்பிகள் நல்ல ஏற்பிகள்.

வீட்டில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்து, உங்கள் எல்டிஎல்லும் 190-ஐத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். எச்சில் துப்பிக் கொடுத்தால் மரபணுவைச் சோதித்து "உங்களுக்கேற்ற எண்ணெய்" சொல்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். விசாரிக்கத்தான் நம்பர் கொடுத்தேன். இன்றுவரை வகுப்பு நேரம் பார்த்து அழைக்கிறார்கள். பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருகிறார்கள். போன வாரம் "முடி கொட்டுதா சார்?" என்று கேட்டாள் ஒரு பெண்.