தீயணைப்பு, அம்புலன்ஸ், மீட்பு வேலை செய்பவர்களின் மனநலம்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உளவளத்துணை வேலை செய்து வருகிறேன். மருந்து எழுதும் வைத்தியர் அல்ல. கேட்பவர்கள் பெயர் போட வேண்டாம், தொழிலும் ஊரும் போதும்.

தீயணைப்பு வீரர், மட்டக்களப்பு: மிஸ், போன வருடம் ஒரு வீட்டுத் தீயில் வயோதிபர் ஒருவரை உயிரோடு எடுக்க முடியாமல் போனது. இப்போது வீட்டில் கருவாடு சுட்டால் எனக்குக் குமட்டுகிறது, மனிசியோடு சண்டை பிடிக்கிறேன். டியூட்டியில் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குப் பைத்தியமா?

பதில்: இல்லை தம்பி. மூளையில் பயத்தையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு மற்றப் புலன்களை விட மணம் கிட்டிய வழியால் போய்ச் சேர்கிறது. இது கருவாடு என்று நீங்கள் யோசித்து முடிக்க முன்னமே உடம்பு அந்த எரிந்த வீட்டுக்குள் போய்விடுகிறது. டியூட்டியில் பிரச்சினை இல்லை என்பதை நம்புகிறேன், ஆனால் அதை வைத்து நான் ஆறுதல் அடைய மாட்டேன். தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும்போது கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. வேலை ஓய்ந்த பிறகுதான் இது தலை தூக்கும், அதைத் தாங்க வேண்டி வருவது வீட்டில் இருப்பவர்கள்.

முதலில் மனிசியிடம் காரணத்தைச் சொல்லுங்கள். நடந்தது முழுவதையும் விவரிக்கத் தேவையில்லை. "அந்த மணம் அந்த நாளைக் கொண்டு வருது, உன்னோட கோபமில்ல" என்றாலே போதும். மணம் வரும்போது வீட்டை விட்டு ஓடாமல் வாசலில் நின்று, காலை நிலத்தில் நன்றாக ஊன்றி, இன்று என்ன கிழமை, இது யார் வீடு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், கெட்ட கனவு, அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, பிள்ளைகளோடு ஒட்டாமல் மரத்துப்போனது போல இருப்பது, இவையெல்லாம் ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆகவே பிந்த வேண்டாம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலில் அது 1980இல் ஏறியது. அதே நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, சிதறிய உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை உதாரணமாகவே குறிப்பிடுகிறது. உங்கள் தொழிலில் இருப்பவர்களை நினைத்து எழுதிய வரி அது. இதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அந்த நிகழ்வை மையமாக வைத்துப் பேசிச் செய்யும் சிகிச்சைதான் முதன்மையானது.

அம்புலன்ஸில் வேலை, அக்கரைப்பற்று: இரவு டியூட்டி முடிந்து வந்தாலும் கண் மூடுதில்லை. கூட்டாளி ஒருவர் பார்மசியில் வாங்கிய அரைக் குளிசை தருகிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வைத்தியர் பார்த்து எழுதாத தூக்கக் குளிசை வேண்டவே வேண்டாம். கோரமான சம்பவத்துக்குப் பிறகு முதல் மாதத்தில் வரும் தூக்கமின்மைக்கு டயசிபாம் வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே தினமும் எடுத்து வருகிறீர்கள் என்றால் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். வைத்தியரிடம் சொல்லிக் குறையுங்கள். சாராயமும் உதவாது. சீக்கிரம் தூங்க வைக்கும், பிறகு வெறி இறங்கும்போது தூக்கத்தை உடைத்துக் கனவைக் கூட்டும். அறையை இருட்டாக்குங்கள், டியூட்டியின் கடைசி மணித்தியாலங்களில் தேத்தண்ணி குடிக்காதீர்கள், பகலில் எழுப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

பொலிஸ் உத்தியோகத்தர், அம்பாறை: கூட வேலை செய்பவர் இரண்டு கிழமையாக "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். கேட்டால் இன்னும் தூண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மற்றக் கேள்விகள் காத்திருக்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இன்றைக்கே, தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "உயிரை விட நினைக்கிறீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விட வேண்டாம். ஆயுதம், வயலுக்கு அடிக்கும் மருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தாதி, மட்டக்களப்பு: ஏப்ரல் மாதம் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

பதில்: 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாள். அன்று டியூட்டியில் இருந்த பலருக்கு இது நடக்கிறது, சுனாமி வந்த டிசம்பர் 26ஐ ஒட்டியும் நடக்கிறது. கலண்டரைப் பார்க்காவிட்டாலும் உடம்பு நாளை நினைவில் வைத்திருக்கும். அந்தக் கிழமைக்கு இப்போதே லீவோ, கூட இருக்க ஒருவரோ ஒழுங்கு செய்து வையுங்கள்.

உதவி நிறுவன அலுவலர், வாழைச்சேனை: கோர விபத்து நடந்து மூன்று நாளுக்குள் குழுவை வட்டமாக இருத்தி, கண்டதையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்ல வைப்போம். சுனாமிக் காலத்தில் இருந்து செய்கிறோம். இதை எப்படி மேம்படுத்தலாம்?

பதில்: நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த முறையை 1983இல் எழுதியவர் ஜெப்ரி மிட்சல், தானே தீயணைப்பிலும் அம்புலன்ஸிலும் வேலை செய்தவர். நல்ல மனதோடு வந்த முறைதான். ஆனால் பிரித்தானியாவில் தீக்காயம் பட்டவர்களை வைத்து 1997இல் வெளிவந்த ஆய்வில், ஒரே அமர்வில் பேச வைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு 13 மாதத்துக்குப் பிறகு மனவடு நோய் இருந்தது. அப்படிப் பேச வைக்காதவர்களில் 9 வீதம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

அதே அலுவலர்: அவர்கள் காயப்பட்ட நோயாளிகள், தனித்தனியே பேசியவர்கள். மிட்சலின் முறை குழுவாக வேலை செய்பவர்களுக்கானது. இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமில்லை.

பதில்: நல்ல மறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குழுவுக்கு அது நோயைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லையே. என் கவலை கட்டாயத்தில் இருக்கிறது. மேலதிகாரி பக்கத்தில் இருக்க, ஒரு பொடியன் தான் காணாததையும் மற்றவன் வாயால் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு போகிறான். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் சொல்வது மிக எளிமையானது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, பேச விரும்புகிறவரைக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. பேச விரும்பாதவரை விட்டுவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், கல்முனை: எங்கள் காலத்தில் திரும்பி வந்து எல்லாருமாக வண்டியைக் கழுவுவோம், ஹோஸைக் காய விடுவோம், பிளேன்டீ குடிப்போம். பேச வேண்டியவன் அதற்குள் பேசிவிடுவான்.

பதில்: ஐயா சொன்னதைத்தான் நான் விரும்புகிறேன். வேலையில் எது சரி, எது பிழை என்று ஆராயும் கூட்டம் வேறு, அது கட்டாயம் நடக்க வேண்டும். மனதில் உள்ளதைச் சொல்லும் இடம் கூட்டாளிகள் நடுவே தானாக அமைய வேண்டும். நாலு கிழமை கழித்து யாராவது ஒருவர் ஒவ்வொருவரையும் தேடிப் போய், "இப்ப எப்படி, நித்திரை வருதா?" என்று கேட்க வேண்டும். நம் பக்கம் அந்த இரண்டாவது விசாரிப்புத்தான் நடப்பதில்லை.

அம்புலன்ஸ் சாரதி, களுவாஞ்சிகுடி: மிஸ், நித்திரைக்கு ஏதாவது நல்ல குளிசை?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வைத்தியர் எழுதாமல் வேண்டாம்.

தீயணைப்பு வீரரின் மனைவி, காத்தான்குடி: ஓதிப் பார்க்கலாமா? மாமி நச்சரிக்கிறா.

பதில்: தாராளமாக. ஓதிப் பார்ப்பதோ கோவிலில் நூல் கட்டுவதோ மனதுக்குத் தெம்பு தந்தால் நல்லது. கிளினிக்கை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம்.

மீனவர், மருதமுனை: கடலிலோ ஆற்றிலோ யாராவது மூழ்கினால் முதலில் எங்களுக்குத்தான் போன் வரும். எங்களுக்குச் சீருடை இல்லை, சம்பளம் இல்லை. பிறகு யாரும் வந்து கேட்டதும் இல்லை. நாங்கள் இந்தக் கணக்கில் வருவோமா?

பதில்: முதல் வரிசையில் வருவீர்கள். 2001இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரம் இடிந்த இடத்தில் வேலை செய்த 28,000க்கும் மேற்பட்டோரை இரண்டு மூன்று வருடம் கழித்து விசாரித்தார்கள். மனவடு நோயின் அறிகுறி பொலிஸாரில் 6.2 வீதத்தினருக்கு. எந்த அமைப்பையும் சேராமல் உதவ வந்த தொண்டர்களில் 21.2 வீதத்தினருக்கு. பயிற்சி இல்லாமல், தன் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்தவர்களுக்குப் பாரம் கூட.

நம் மாவட்டங்களில் மீட்பு என்றாலே பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான். சுனாமியில் உடல்களைத் தூக்கியது ஊர்ச் சனம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மதரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டபோது, படையினரோடு ஊர்ப் பொடியன்களும் இறங்கித் தேடினார்கள். அறிக்கை எழுதும்போது அவர்கள் "பொதுமக்கள்" என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். கிராம சேவகர்களிடம் நான் கேட்பது இதுதான்: தேடலில் இறங்கியவர்களின் பெயர்களை அன்றைக்கே எழுதி வையுங்கள். நாலு கிழமையில் அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் போகலாம்.

இன்னொன்று, எல்லாருக்கும். உடலைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடாதீர்கள், வந்தாலும் திறக்காதீர்கள், பகிராதீர்கள். நேரில் பார்த்ததே போதும். இறந்தவரின் தாயும் அதைப் பார்ப்பார்.

அதே மீனவர்: சரி மிஸ். வைத்தியசாலைக்குப் போனால் ஊர் கதைக்கும். முதலில் யாரிடம் போவது?

பதில்: பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். அங்கே பத்து அலுவலுக்குச் சனம் வந்து போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் தேவை என்று நினைத்தால் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார், செலவு இல்லை. நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. உங்களோடு தேடலுக்கு வந்தவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.