கெட்ட செய்தியோடு போனவருக்கு என்ன நடந்தது?

நல்ல தலைமைக்கும் மோசமான தலைமைக்கும் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. பதினெட்டு வருடமாக அலுவலக வேலையில் இருக்கிறேன். ஏழெட்டு மேலாளர்களிடம் வேலை பார்த்தாகிவிட்டது. தொலைநோக்கு, பேச்சாற்றல், துணிச்சல் என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் பார்த்த மோசமான தலைவர்களிடமும் அவை தாராளமாக இருந்தன. இப்போது நான் கவனிப்பது ஒன்றைத்தான்: கெட்ட செய்தியோடு போய் நிற்கிறவருக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது?

என் இரண்டாவது வேலை கணக்குப் பிரிவில். ஒரு நாள் மாலை மாதக் கடைசிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருப்பது கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை பதியும்போது பில் எண்ணின் நடுவே ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது. கணினி அதை வேறு பில் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. பதிந்தவர் என் பக்கத்து இருக்கை நண்பர். பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் எங்கள் மேலாளர்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "யார் போட்டது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற யார் யாருக்குத் தெரியும்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது, இதேபோல வேறு பில்கள் போயிருக்குமா என்ற பேச்சே வரவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் பதினாலு பேர் முன்னால் என் நண்பரை எழுந்து நிற்கச் சொல்லித் திட்டினார். தான் ஒப்புதல் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் தவறுகள் குறையவில்லை, அவை மேலே போவதுதான் நின்றது. யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்த மாதக் கணக்கில் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடுவோம். நானும் செய்தேன், இன்று வரை அது உறுத்துகிறது. அவருடைய மேசைக்குப் போன அறிக்கைகளில் எல்லாமே நன்றாக இருந்தது. அவரும் அதை மனதார நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஏழு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் அதே மாதிரி ஒன்பது பில்களை எடுத்து வைத்தபோது, உண்மையிலேயே அதிர்ந்துபோனவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கு அதில் பாதி முன்பே தெரியும்.

எங்கள் விஷயத்தில் போனது பணம். சில இடங்களில் உயிர் போகிறது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய நாள், அதன் ராக்கெட் பூஸ்டர்களைச் செய்த மோர்ட்டன் தயாக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் நாசாவிடம் மன்றாடினார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், சூடான வாயுவை அடைக்காது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு அதை விரும்பவில்லை. நிறுவனத்தின் மேலதிகாரிகள் இணைப்பை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். அப்போது மூத்த அதிகாரி ஒருவர் பொறியியல் துறைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏவலாம் என்று நிறுவனத்தின் சார்பில் முடிவெடுத்தது மேலதிகாரிகள் நான்கு பேர், எச்சரித்த பொறியாளர்களை அதில் சேர்க்கவில்லை. மறுநாள் கிளம்பிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

பிறகு விசாரித்த ஆணையம் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இன்னும் விடாமல் துரத்துகிறது. நாசாவின் மேல்மட்டத்தில் ஏவலாம் என்று இறுதி உத்தரவு கொடுத்தவர்களுக்கு, பொறியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததே தெரியாது. அது நடுவிலேயே நின்றுவிட்டது. இப்படி நடுவில் நிற்கிற ஒரு அமைப்பைத் தலைமைதான் உருவாக்குகிறது, பெரும்பாலும் தனக்கே தெரியாமல்.

அதனால்தான் கோபக்காரரா, சாந்தமானவரா என்பதை வைத்து ஒரு தலைவரை நான் எடைபோடுவதில்லை. ஒருவரிடம் இரண்டு வருடம் இருந்தேன், குரலே உயர்த்த மாட்டார். "பார்த்துக்கலாம்" என்று சிரித்தபடியே வாங்கிக்கொள்வார், நாம் சொன்னது அதோடு காணாமல் போய்விடும். கெட்ட செய்தியை அடக்க அதட்டல்தான் வேண்டும் என்றில்லை.

சரி, நல்ல தலைமைக்கு என்ன அடையாளம்? எனக்கு இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசனோவர் எழுதிய ஒரு சின்னச் சீட்டுதான் ஞாபகம் வரும். 1944 ஜூனில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்குவதற்கு முன்பு, தோற்றுவிட்டால் வெளியிடுவதற்காக நாலு வரி எழுதி பர்சில் வைத்துக்கொண்டார். பழியோ குறையோ இருந்தால் அது முழுக்க என்னுடையது என்று அதை முடித்திருந்தார். அதைவிட அதில் உள்ள ஓர் அடித்தல் எனக்கு முக்கியம். படைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற பொருளில் முதலில் எழுதியவர், அதை அடித்துவிட்டு, நான் படைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று மாற்றினார்.

இதைத் தமிழில் யோசித்துப் பார்த்தால் சுருக்கென்று தைக்கும். "முடிவு எடுக்கப்பட்டது", "தவறு நேர்ந்துவிட்டது", "கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை". நம் சுற்றறிக்கைகளில் ஆளே இல்லாமல் காரியங்கள் தாமாக நடந்துகொண்டிருக்கும். வெற்றி என்றால் மட்டும் திடீரென்று "நான்" முளைத்துவிடும். உங்கள் தலைவர் எந்த இடத்தில் "நான்" என்கிறார், எந்த இடத்தில் "பட்டது" என்கிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். வேறு எதுவும் தேவைப்படாது.

தவறு நடந்த இடத்தில் "நான்" என்று சொல்கிற ஒருவர் எனக்குப் பிற்பாடு கிடைத்தார். ஒரு தடவை பழைய விலைப்பட்டியலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பித் தொலைத்தது நான். இரவு ஒன்பதரைக்குக் கை நடுங்க அவரைக் கூப்பிட்டேன். "சரி, எத்தனை பேருக்குப் போயிருக்கு?" என்றார். அறுபத்திரண்டு என்றேன். "முப்பத்தொண்ணு நீங்க கூப்பிடுங்க, மீதியை எனக்கு அனுப்புங்க, காலையில எட்டு மணிக்கு ஆரம்பிப்போம்" என்றார். மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் என் பெயர் இல்லை. "அனுப்புவதற்கு முன் இன்னொருவர் சரிபார்க்கும் முறையை நான் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை" என்று இருந்தது.

இதைப் படித்து அவர் இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருடம், ஒரு தவறை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தவரை அந்தப் பொறுப்பிலிருந்தே எடுத்துவிட்டார். தவறைப் பொறுத்துக்கொள்வார், மறைத்ததைப் பொறுக்க மாட்டார். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் பொறுப்புக்கு வந்த புதிதில் திங்கள்கிழமைக் கூட்டத்தை ஒரே கேள்வியோடு தொடங்குவார்: "நான் இன்னும் கேள்விப்படாத பிரச்சினை எது?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். முதல் இரண்டு வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, பழைய பழக்கம். மூன்றாவது வாரம், சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். ஓர் ஒப்பந்தத்தின் கெடு தேதியை நாங்கள் எல்லோருமே தப்பாக வைத்திருக்கிறோம் என்றான். அறையில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார். வியாழக்கிழமை அவன் மேசைக்கே போய், தேதியை மாற்றியாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த திங்கள் அதே கேள்விக்கு நாலு கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது.