கலங்கரை விளக்கில் ஒரு வாரம் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் பாம்பன். கல்யாணமாகி சியாட்டில் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சென்ற மாதம் நானும் கணவரும் நியூ டஞ்சனஸ் என்ற பழைய கலங்கரை விளக்கத்தில் ஒரு வாரம் தன்னார்வக் காவலர்களாகத் தங்கியிருந்தோம். கடலுக்குள் ஐந்தரை மைல் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது அது. நீர் வற்றிய நேரம் பார்த்து கடலோரமாக வண்டியில் கொண்டுபோய் விட்டார்கள். புல் வெட்டினோம், பித்தளை தேய்த்தோம், நடந்து வருபவர்களை 74 படி ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினோம். இதற்கு நாங்கள்தான் பணம் கட்டினோம் என்று சொன்னால் அம்மா சிரிக்கிறார்.

பாம்பன் விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒருநாளும் அதன் பக்கத்தில் போனதில்லை. அங்கே பித்தளை தேய்க்கும்போது அந்த நினைப்பு வந்து அழுதுவிட்டேன். நம்ம ஊரில் ஏன் இப்படி ஒன்று இல்லை? நம் ஆட்களுக்கு இதற்கெல்லாம் மனசு வராது என்கிறார் கணவர். அப்படித்தானா? மார்கழியில் ஊருக்கு வருகிறோம்.

எஸ்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உழவாரப்பணிக்குப் போகிறவர்களை அவர் பார்த்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் பிடித்து, கட்டுச்சோற்றோடு கிளம்பி, ஆள் போக்குவரத்தே இல்லாத ஒரு கிராமத்துச் சிவன் கோயிலில் போய் இறங்குவார்கள். விமானத்தில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவார்கள். பிரகாரத்து முள்ளை வெட்டுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். வேன் வாடகையை அவர்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். புல் செதுக்கும் உழவாரத்தை அப்பர் கையில் எடுத்தது ஏழாம் நூற்றாண்டில். அப்போதிலிருந்து வருகிற பழக்கம் இது. பணம் கட்டிப் பித்தளை தேய்த்ததை அம்மாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்.

ஆக, மனசு இருக்கிறது. கோயிலை நம்முடையது என்று நினைக்கிறோம், லைட் ஹவுஸை கவர்மெண்ட்டுடையது என்று நினைக்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் எந்த நேரமும் ஒரு கூட்டம் நிற்கிறது. முன்பு 1914-இன் பழைய ரயில் பாலத்தைப் படம் எடுத்தார்கள், இப்போது 2025-இல் திறந்த புதிய தூக்குப் பாலத்தை எடுக்கிறார்கள். பாம்பன் கரையில் நிற்கும் விளக்கைக் கேட்பவர்கள் குறைவு. பாலத்தில் ஒவ்வொருவரும் ரயிலேறிப் போயிருக்கிறோம். விளக்கு யாருக்காக எரிகிறதோ அவர்கள் பாலத்தில் நிற்பதில்லை, கடலில் இருக்கிறார்கள்.

நீங்கள் தங்கிய விளக்கின் கதையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1857 டிசம்பர் 14 அன்று ஏற்றப்பட்டது. கோபுரத்தில் விரிசல் கண்டு 1927-இல் உச்சியைக் குறைத்தார்கள். 1994-இல் கடலோரக் காவல்படை தன் ஆட்களை எடுத்துக்கொண்டது. விளக்கு தானே எரியும், வீட்டைத் திறந்து மூட ஆள் இல்லை. பூட்டிப் போட்ட வீட்டை உப்புக்காற்று விடுமா? அப்போதுதான் அந்தப் பகுதி மக்கள் வாரம் ஒரு குழு என்று முறை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஆள் போன இடத்தை நிரப்பத்தான் அந்த ஏற்பாடு பிறந்தது.

இங்கே நிலைமை வேறு. நம் விளக்குகளைப் பார்த்துக்கொள்ள மத்திய அரசில் தனித் துறையே இருக்கிறது, சம்பளத்துக்கு ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் பிழைக்கிற வேலையை நாம் இலவசமாகச் செய்ய முன்வந்து, அந்தப் பதவியே வேண்டாம் என்று யாரையும் நினைக்க வைத்துவிடக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். அவர்கள் இருக்கட்டும், நாம் பக்கத்தில் போய் நிற்போம்.

எனக்கு இந்த ஈர்ப்பு வந்தது எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு பெரியவரால். பல ஊர் விளக்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவரிடம், ராத்திரி முழுக்க முழித்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதுதானே வேலை என்று கேட்டேன். "எரியிறத கப்பக்காரன் பாத்துக்குவான் தம்பி. நமக்கு வேல பகல்லதான்" என்றார். உப்பு படிந்த கண்ணாடியைத் துடைப்பது, பித்தளை தேய்ப்பது, எண்ணெய் விடுவது, பேரேட்டில் எழுதுவது. பகலில் லென்ஸைச் சுற்றித் திரையை இழுத்து மூட வேண்டும் என்றும் சொன்னார். ராத்திரி விளக்கொளியைத் திரட்டிப் பல மைல் தூரம் அனுப்புகிற அதே கண்ணாடி, பகலில் சூரியனை உள்ளே குவித்துவிடும், தீப்பிடிக்கும். கடலுக்கு வழிகாட்டும் பொருளை வெயிலிலிருந்து ஒளித்து வைக்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். இப்போதும் ஆச்சரியம்தான்.

அப்புறம் கலங்கரை என்ற அந்தச் சொல். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான். கலத்தைக் கரைந்து அழைப்பதால் கலங்கரை. ஒவ்வொரு விளக்கும் இத்தனை விநாடிக்கு இத்தனை மின்னல் என்று தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் அழைக்கிறது. இருட்டில் அந்தக் கணக்கை எண்ணியே இது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். இப்போது மீன்பிடி வல்லத்தில் போகிறவர்களிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் வாடைக் காற்றில் பேட்டரி நனைந்த ராத்திரிகளைப் பற்றி அவர்களிடம் கேட்டால், கண் முதலில் தேடியது லைட் ஹவுஸைத்தான் என்பார்கள்.

அதனால் நம் கரையில் இப்படி ஒன்று தொடங்கினால், வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதாக அது தொடங்கக் கூடாது என்பது என் ஆசை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. மாதத்தில் ஒரு நாள், துறையின் அனுமதியோடு, ஊழியர் பக்கத்தில் இருக்க, பத்துப் பிள்ளைகள் மேலே ஏறிக் கண்ணாடி துடைக்கட்டும். வடகடலையும் தென்கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கட்டும். அப்பா போகும் படகுக்கு அந்த மின்னல் எப்படித் தெரியும் என்பதை விநாடி எண்ணிக் கற்றுக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த விளக்கு கவர்மெண்ட்டுடையது மட்டுமாக இருக்காது. அனுமதி சுலபத்தில் கிடைக்காது, அலைய வேண்டியிருக்கும். மனு எழுதுவதையும் அலைவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரம் அங்கே என்ன செய்தீர்கள், எப்படி வேலையைப் பிரித்தார்கள், காலையில் உங்கள் கையில் என்ன பட்டியல் கொடுத்தார்கள் என்று நீங்கள் விரிவாக எழுதி அனுப்புங்கள். மனுவோடு சேர்த்து வைப்பேன்.

மார்கழியில் வரும்போது தனுஷ்கோடிப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் விளக்கத்துக்கும் போய்விட்டு வாருங்கள். அந்தப் பக்கத்தில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் நிற்கும். அம்மா அப்போது பாம்பனில்தான் இருந்தார் என்றால், டிசம்பர் 22 ராத்திரி வீட்டிலிருந்து விளக்கு தெரிந்ததா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.